பாசியும் படிமமும்

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் 1996 வரை எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. கொல்லையில் கிணறு. கிணற்றை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இடுப்பளவு ஆழம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காகத் தாத்தா கட்டியது. தோட்டம் என்றால் நாலு வாழை, இரண்டு தென்னை, ஒரு பவழமல்லி. கோடை விடுமுறைக்கு வரும் பம்பாய்ச் சித்தப்பாவின் பிள்ளைகள் இதை 'ஸ்விம்மிங் டாங்க்' என்று சொல்லிக்கொண்டு குதிப்பார்கள். ஒரு முறை கையை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும். இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது.

தொட்டிக்குத் தெற்கே பக்கத்து வீட்டு மாடிச்சுவர். ஐப்பசியிலிருந்து தை வரை அந்தச் சுவரின் நிழல் தொட்டி முழுவதையும் மூடியிருக்கும். தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்தபோது இருந்தமாதிரியே இருக்கும். அடியில் விழுந்த பவழமல்லிக் காம்பின் ஆரஞ்சு நிறம்கூடத் தெரியும். மாசி பிறந்து சூரியன் தலைக்கு மேலே ஏற ஏற, நிழல் ஒவ்வொரு நாளும் ஒரு விரல்கடை பின்வாங்கும். பின்வாங்கிய இடத்தில் பச்சை வரும். கபாலி கோயிலில் பங்குனிக் கொடி ஏறுவதற்குள் தொட்டி கீரைக்கூட்டு மாதிரி ஆகிவிடும். இந்த நிழல் விஷயத்தை நான் கவனித்தது எப்போது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கண் முன்னால் இருபது வருஷம் நடந்ததை நான் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அறுபத்து மூவருக்குத் தாம்பரத்திலிருந்தும் காஞ்சீபுரத்திலிருந்தும் உறவினர்கள் வருவார்கள். நாலு மாடவீதியும் சுற்றிவிட்டு, மண்ணும் மோரும் பானகமும் ஒட்டிய கால்களோடு நேரே கொல்லைக்குத்தான் வருவார்கள். அதற்குள் தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும். அந்த வேலை அம்மாவுடையது. யாரும் அவளிடம் ஒப்படைத்ததில்லை. அவள் செய்தாள், அதனால் அவளுடையது.

அம்மாவின் முறை இது. முதலில் மீன்களைப் பிடித்து ஒரு அண்டாவில் விடுவாள். கொசுவுக்காகக் கார்ப்பரேஷன்காரர்கள் கிணற்றில் விட்ட கம்பூசியா மீன்கள் வாளி வழியாகத் தொட்டிக்குக் குடிவந்திருந்தன. பிறகு அடியில் இருக்கும் துணி சுற்றிய தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை வாழைக்கு விடுவாள். முழுவதும் வடிய விடமாட்டாள். ஒரு சாண் தண்ணீர் நிற்கும்போதே உள்ளே இறங்கிவிடுவாள். காய்ந்துவிட்டால் மேல்பாகம் அப்பளம் மாதிரி உரிந்து வரும், வேர் மாதிரி அடிப்பாகம் சிமெண்டோடு நின்றுவிடும், முதல் ஈரத்தில் திரும்ப முளைக்கும் என்பது அவள் கட்சி. தென்னை மட்டையைத் தட்டி நாராக்கிய ஒரு கட்டை, ஒரு செங்கல் துண்டு, மூலைகளுக்குப் பழைய ஈர்க்குத் துடைப்பத்தின் தேய்ந்த முனை. மேலிருந்து கீழாக. பிறகு இரண்டு நாள் வெறும் தொட்டியை வெய்யிலில் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பாள். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் விளக்கேற்றும் நேரத்துக்கு முடிப்பாள். நாங்கள் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்போம்.

கிணறு தூர் எடுப்பது வேறு ஆள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரையில், ஒரு பெரியவரும் அவர் மகனும் பக்கத்துச் சந்து வழியாக வருவார்கள். வாசல் வழியாக அல்ல. பெரியவர் கயிற்றில் இறங்குவார். நாங்கள் வருஷம் முழுவதும் குடிக்கும் தண்ணீரில் இடுப்பளவு நின்று சேற்றை வாளியில் அள்ளி அனுப்புவார். மேலே ஏறி வந்து தாகத்துக்குக் கேட்டால், அவருக்கென்று இருக்கும் அலுமினிய டம்ளரில், அதே கிணற்றுத் தண்ணீரை, தூக்கி ஊற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் தர்க்கத்தில் கெட்டிக்காரன் என்று பெயர். இதில் ஒரு தர்க்கப் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. அந்த டம்ளர் தொட்டிச் சுவரின் கோடியில் வெளியிலேயே கிடக்கும். மழைத் தண்ணீர் நின்று அதன் உட்புறம் பச்சையாக ஒரு வளையம் கட்டியிருக்கும். அம்மா தேய்க்காத ஒரே பாத்திரம் அதுதான்.

அவர் ஒரு முறை கிணற்றுக்குள்ளிருந்து சொன்னது ஞாபகம் இருக்கிறது: "மேல பத்தடிதான் சாமி பாசி. கீழ சுவரு சுத்தமா இருக்கு. இருட்டுல்ல."

எனக்கு அப்போது பதினெட்டு வயது. மாநிலம் அறிந்த ஒரு கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டு நான் ஒன்றும் நினைக்கவில்லை.

தாவரவியலில் பாசியைத்தான் முதலில் எடுப்பார்கள். ஸ்பைரோகைராவின் சுருள்சுருளான பச்சையத்தை 2எச் பென்சிலால் வரைந்து ரிக்கார்டு நோட்டில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். எங்கள் ஆசிரியருக்கு எம்.ஓ.பி. அய்யங்கார் என்றால் தெய்வம். 1886இல் பிறந்து 1963இல் இறந்த அவரை இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்வார்கள், சென்னைக்காரர். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் குட்டை நீரைச் சீசாவில் எடுத்துக்கொண்டு போய் ஆயுள் முழுவதும் பார்த்தவர். வற்றும் குளத்தின் சேற்றில் வாழும் ஒரு பாசியை 1932இல் விவரித்து, ஃபிரிட்ஷ் என்ற ஆங்கிலேய அறிஞரின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என்று பெயர் வைத்தார். அது மண்ணுக்குள் நூலை இறக்கி, மண்ணுக்கு மேலே கிளையை விடுவது. நீரில் இருந்த உயிர் நிலத்துக்கு ஏறியது எப்படி என்று யோசிப்பவர்களுக்கு அந்த அற்பச் செடி முக்கியமான சாட்சி. 1940இல் எஸ்.வி. கணபதி என்பவர், மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் படர்ந்து கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றியே தனி ஆய்வு எழுதினார். கபாலி கோயில் குளத்தில் மீன் செத்து மிதப்பதாகச் செய்தி வரும்போது விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்வோம். பல சமயம் காரணம் இதுதான்: பகலில் பிராணவாயுவை விடும் பாசி இரவில் அதையே மூச்சாக எடுக்கிறது, விடிவதற்கு முன் மீனுக்கு மிச்சம் இருப்பதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சைக்குத் தெரியும். நாங்கள் அப்போது தெரிந்ததை ஒரு அறையிலும் எழுதுவதை இன்னொரு அறையிலும் வைத்திருந்தோம். நடுவில் கதவு வைத்துக் கட்டவில்லை.

1974இல் என் கவிதை ஒன்று, இருநூறு பிரதிக்கு மேல் போகாத ஒரு பத்திரிகையில் வந்தது. பதினாலு வரி. ஞாபகம் என்பது இருட்டில் பாசி மாதிரி, வெளிச்சம் படாத கிணற்றின் ஆழத்தில் மௌனமாக வளர்ந்துகொண்டே போகிறது என்பது அதன் சாரம். லஸ் முனையில் காபி சாப்பிட்டுக்கொண்டே நண்பர்கள் பாராட்டினார்கள். 'படிமம்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு முப்பது தடவை உச்சரித்த காலம். ஒருவர் அந்தக் கிணற்றில் யுங்கைக் கண்டார். கடைசி இரண்டு வரி வேண்டாம் என்றார் இன்னொருவர். கிணற்றின் ஆழத்தில் பாசி வளருமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு விவசாயப் பட்டதாரி வேறு இருந்தார்.

கேட்டது அம்மா. வீட்டுக்கு வரும் எந்த அச்சுக் காகிதத்தையும் முழுவதும் படித்துவிடும் வழக்கம் அவளுக்கு; விகடனில் ஆரம்பித்துப் பொட்டலம் கட்டி வந்த காகிதம் வரை. எங்கள் பத்திரிகையின் சந்தா விவரம்கூடப் படித்திருப்பாள். இரண்டு நாள் கழித்து, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இருட்டில பாசி வராதுடா."

"அது படிமம் அம்மா."

"படிமமோ என்னமோ. பாசிக்கு வெய்யில் வேணும். கீத்தைப் போட்டு மூடி வச்சுப் பாரு, ஒரு பொட்டுப் பச்சை வராது. தை வரைக்கும் நம்ம தொட்டியில வரதா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது. கவிதையின் உண்மை வேறு, உலகத்தின் உண்மை வேறு என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் என் கவிதைக்கு ஒரு நல்ல விமர்சகன் செய்ய வேண்டியதைச் செய்திருந்தாள்: தவறாக இருக்கும் ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டினாள். அதைத் திருத்தியிருந்தால் வேறு கவிதை, ஒருவேளை பயங்கரமான கவிதை, கிடைத்திருக்கும். மூடி வைத்ததில் ஒன்றும் வளர்வதில்லை, வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் வளர்கிறது என்றால் ஞாபகத்தைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் தலைகீழ். எழுத நான் தயாராக இல்லை.

மூன்று வருஷம் கழித்து அவள் வேலையைச் சுலபமாக்குகிறேன் என்று புறப்பட்டேன். பழைய பத்திரிகைகளை வருஷவாரியாகச் சேர்த்து நானே பைண்டு பண்ணிக்கொண்டிருந்த சமயம். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள்; கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலம் மிச்சம் இருந்தது. பாசியைக் கொல்ல அதே துத்தத்தை நீர்த்தேக்கங்களில் போடுவது 1904இலேயே அமெரிக்காவில் மூர், கெல்லர்மன் என்ற இருவர் சொன்ன முறை என்பதும் எங்கோ படித்தது. மிகக் குறைந்த அளவு போதும் என்பதையும் படித்திருக்க வேண்டும். நான் ஒரு கைப்பிடியைத் தொட்டியில் போட்டேன். நீலம் மெள்ளக் கரைந்து பச்சைக்குள் இறங்கியதைப் பார்க்க அழகாக இருந்தது. அதையும் ஒரு படிமமாகக் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை மீன் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதற்கடுத்த நாள் பாசி பழுப்பாகி, அழுகி, தெரு வரை நாற்றம். அந்தத் தண்ணீரை வாழைக்கு விடக்கூடாது என்று அம்மா வாளி வாளியாக மொண்டு சாக்கடையில் கொட்டினாள். செத்த பாசியையும் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பைண்டு செய்த தொகுதிகள் மட்டும் இன்றுவரை பூச்சி அரிக்காமல் இருக்கின்றன.

பாசி என்ற சொல்லைப் பற்றி ஒன்று. தமிழில் அது ஒரு பெரிய கோணிப்பை. குளத்தில் மிதப்பதும் பாசி, சுவரில் ஒட்டுவதும் பாசி, கழுத்தில் போடும் மணியும் பாசி, பயறும் பாசி. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டால் 'மீன்பாசி ஏலம்' என்று அரசாங்கம் விளம்பரம் செய்கிறது. ஆனால் தொட்டிக்குள் இறங்கினவனுக்கு இரண்டு பாசிதான். ஒன்று மிதப்பது: காலையில் அடியில் படுத்திருக்கும், வெய்யில் ஏற ஏற அதன் இழைகளுக்குள் வாயுக் குமிழ்கள் சேர்ந்து, உச்சிப்பொழுதில் கம்பளி மாதிரி மேலே வந்துவிடும். கையால் ஒதுக்கினால் ஒதுங்கும். எடுத்தால் சேரும். மற்றது ஒட்டுவது: கண்ணுக்கு வெறும் நிறம்தான், காலுக்கு எண்ணெய். தன்னைச் சுற்றி ஒரு கோழையைச் சுரந்து அதற்குள் வாழ்கிறது. ஒதுக்க முடியாது.

குறுந்தொகை 399 முதல் வகையைப் பற்றியது. பரணர் பாட்டு. ஊரார் நீர் எடுக்கும் துறையில் பாசி கூடியிருக்கிறது. தலைவியின் பசலை அது போன்றது. காதலன் தொடத் தொட விலகுகிறது, விட்ட விட்ட இடத்தில் திரும்பப் பரவுகிறது. தொகையில் கிட்டத்தட்டக் கடைசிப் பாட்டு என்பதால் முதல் நூறில் நின்றுவிடுகிற வாசகர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். உ.வே.சா.வின் 1937 பதிப்பில்தான் நான் படித்தேன். 1982 பங்குனியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து வழக்கப்படி எஸ்ரா பவுண்டின் 1913 மெட்ரோ ரயில்நிலையக் கவிதையில் தொடங்கி, படிமம் நமக்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம்தான் என்று நிரூபிக்கிற கட்டுரை.

அந்த வருஷம் தொட்டியை நான் தேய்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு அறுபது ஆகியிருந்தது, முழங்கால் வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுரை பாதியில் இருந்தது. அடுத்த ஞாயிறு, பத்திரிகை ஆசிரியர் கேட்ட தேதி நெருங்கிவிட்டது. கொடி ஏறிவிட்டது. அதிகார நந்தி போய்விட்டது. ரிஷப வாகனத்தன்று சாயங்காலம், கோயிலுக்குக் கிளம்புகிறவள் கால் கழுவத் தொட்டியடிக்குப் போனாள். பாசி தொட்டியோடு நிற்கவில்லை. வழிந்த தண்ணீரோடு துவைக்கிற கல்வரை வந்திருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அறையில் இருந்தேன். பரணர் பாசியைத் தொட்டுப் பார்த்த கவிஞர் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்.

இதை ஒரு நண்பரிடம் பல வருஷம் கழித்துச் சொன்னபோது, "ரொம்ப அமைப்பாக இருக்கே, கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள்" என்றார். எழுதவில்லை. தொடையெலும்பு முறிவு. ஆபரேஷன், ஆறு வாரப் படுக்கை, பிறகு கைத்தடி. அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தாள்; ஒரு அறுபத்து மூவருக்குக்கூடத் தெருவில் இறங்கவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்பாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், "அந்தக் கட்டுரையை முடிச்சுட்டியோ?" என்று கேட்டாள். குத்தலா, அக்கறையா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அக்கறைதான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கட்டுரையை நான் முடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தொட்டியடியைத் தேய்த்தேன். என் ஆயுளில் முதல் தடவை. அவள் கால் சறுக்கின தடம் பச்சையில் அப்படியே இருந்தது. ஒன்றரை அடி நீளம், குதிகால் அகலத்தில் வெள்ளையாகச் சிமெண்டு. செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து சுற்றிலும் தேய்த்தேன். மேலே பச்சைத் தோல் சுலபமாக வந்தது; அடியில் கறுப்பாக, கஞ்சி காய்ந்த மாதிரி இன்னொரு தோல் வரவில்லை. முழங்கை வலித்தது. செங்கல் சிமெண்டில் பட்ட பிறகு வருகிற சத்தம் வேறு என்று கண்டுகொண்டேன்; அந்தச் சத்தம் வரும்வரை தேய்க்க வேண்டும். இருட்டும்வரை தேய்த்தும் முடியவில்லை. கடைசியில் அந்தத் தடம் மட்டும் தனியாக இல்லாமல் போயிற்று, எல்லாமே வெள்ளை ஆனதால். தொட்டிச் சுவரின் கோடியில் அந்த அலுமினிய டம்ளர் இருந்தது. அதையும் தேய்த்தேன். தூர் எடுக்கும் பெரியவர் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார் என்று பிற்பாடு மகன் சொல்லித் தெரிந்தது.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் நான்தான். சுவரின் நிழல் பின்வாங்குவதை அப்போதுதான் பார்த்தேன். தைக் கடைசியில் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் குறித்து வைப்பேன். அம்மா சமையலறை ஜன்னலில் நின்றபடி, "மூலை, மூலை" என்பாள்.

1996இல் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட். தொட்டி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. கிணற்றை மூடிப் போர் போட்டார்கள்; 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, மூடின கிணற்றைத் திறந்திருந்தால் போதுமே என்று எல்லோருக்கும் தோன்றியது. அம்மா அங்கே ஐந்து வருஷம் இருந்தாள். மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் டாங்க் வைத்தபோது, "அதில பாசி வரதா?" என்று விசாரித்தாள். கறுப்பு, வெளிச்சம் உள்ளே போகாது, வராது என்றேன். "அப்படித்தான்" என்றாள், தான் சொல்லி வைத்தமாதிரி. அந்தக் கவிதை அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன பங்குனியில், கொடியேற்றத்துக்கு நாலு நாள் முன்னால், ஒரு குளத்துப் பக்கம் போனேன். எந்தக் குளம் என்பது முக்கியமில்லை. மயிலாப்பூரில் இருக்கிற குளங்கள் கைவிரலுக்குள் அடங்கும். கதவு திறந்திருந்தது. மூன்று பேர் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கொசுவலைத் துணியை இரண்டு கழிகளுக்கு நடுவில் கட்டி, பாசியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சிவெய்யில், எல்லாம் மேலே வந்திருந்தது. வலை போன வழியில் தண்ணீர் ஒரு கணம் கறுப்பாகத் தெரிந்தது. அவர்கள் திரும்புவதற்குள் பின்னால் மூடிக்கொண்டது. சளைக்காமல் திரும்ப இழுத்தார்கள். படியில் குவித்த பச்சையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பரணர் இதை எந்தப் படியிலிருந்து பார்த்திருப்பார், நீர் எடுக்கிற பெண்களின் படியிலிருந்தா, அதற்கு மேல் படியிலிருந்தா என்று யோசித்தபடி இன்னும் இரண்டு படி இறங்கினேன்.

"பெரியவரே, அங்க வேணாம்" என்றான் அவர்களில் ஒரு பையன். "காஞ்ச படியில நில்லுங்க."

நின்றேன். பையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. வேண்டுமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி, அண்ணாந்து குடிக்கப் போனான். வாய் வைத்தே குடி என்றேன். அவனுக்கு நான் எதற்கு அதைச் சொன்னேன் என்று புரியவில்லை. அண்ணாந்தே குடித்துவிட்டு, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.